காப்புப் பிரதி எடுப்பது அளாப்பு ஆகுமா?

பழைய கணினி விளையாட்டுகள் எழுப்பும் ஒரு நேர்மைக் கேள்வி

2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாட்டை இருளில் ஆழ்த்திய மின்வெட்டுக் காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அந்நாட்களில் வவுனியாவில் உறவினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்த வேளை, அவரது பிள்ளைகள் இருவருக்கிடையே மூண்டிருந்த வழக்கொன்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்மீது சுமத்தப்பட்டது.

வீட்டில் இருந்தது பழைய மேசைக் கணினி. புதிய விளையாட்டுகள் அதில் இயங்கா. ஆகவே சகோதரர் இருவரும் 'நெட்ஹக்' என்னும் பழைய விளையாட்டை ஆடிவந்தனர். 1987இல் முதன்முதலாக வெளியான இவ்விளையாட்டு இலவசமாகப் பெறத்தக்கது. மிகப் பழைய கணினியிலும் இயங்கக்கூடியது. நிலத்தடிச் சுரங்கமொன்றினுள் இறங்கி, பல ஆபத்துகளைக் கடந்து, தாயத்து ஒன்றை மீட்டு வருவதே அதன் கதை. அதில் ஒருவரது பாத்திரம் இறந்தால் இறந்ததுதான். ஆட்டத்தை முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

மின்சாரம் எந்நேரமும் தடைப்படலாம் என்ற அச்சத்தினால், தனது ஆட்டம் சேமிக்கப்பட்ட கோப்பினை மூத்தவன் நாள்தோறும் பென்டிரைவ் ஒன்றிற் பிரதி செய்து வைத்தான். தம்பியும் இதனை அறிவான்; ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஒருநாள், மின்சாரம் தடையின்றி இருந்த வேளையிலேயே அண்ணனின் பாத்திரம் ஆட்டத்தில் இறந்துபோயிற்று. அவன் பென்டிரைவை எடுத்து, முதல்நாட் பிரதியைக் கணினியில் இட்டு, எதுவுமே நடவாதது போல ஆட்டத்தைத் தொடர்ந்தான். சில நாட்களின் பின்னர் அக்கணினியின் புள்ளிப் பட்டியலில் அவனது பெயர் தம்பியின் பெயருக்கு மேலே ஏறியது.

"அண்ணா அளாப்பிப்போட்டார்" என்பது தம்பியின் முறைப்பாடு. "காப்புப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லித்தானே கணினி வகுப்பிலே படிப்பிக்கினம், அது எப்பிடிக் குற்றமாகும்?" என்பது அண்ணனின் வாதம்.

விளையாட்டில் விதியை மீறி ஏமாற்றுவதை எமது பிள்ளைகள் அளாப்பு என்பர். கிளித்தட்டில் கை பட்ட பின்னரும் படவில்லை என்று சாதிப்பவனும், தாயக் கட்டையை உருட்டியபின் விழுந்த எண் பிடிக்காமல் 'கை தவறிவிட்டது' எனக் கூறி மீண்டும் உருட்டுபவனும் அளாப்புகிறவர்களே. அண்ணன் செய்ததும் அவ்வகையைச் சேர்ந்ததா? இது சிறுபிள்ளை வழக்காகத் தோன்றலாம். ஆயினும் கணினி விளையாட்டுகளை ஆக்கியோரும் ஆடியோரும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வரும் கேள்வி இது. இழப்பு என்பதையும் பிரதி என்பதையும் பட்டறிந்த வன்னி மண்ணில், அது வேறு எங்கணும் பெறாத ஒரு கனதியையும் பெறுகின்றது.

சேமிப்பு என்பது என்ன?

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் மூலம் கணினியன்று, மேசையாகும். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில், நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். வீரன், மந்திரவாதி, திருடன் என அப்பாத்திரங்கள் அமையும். வாள் வீச்சு இலக்கில் விழுந்ததா, பொறியிலிருந்து தப்ப முடிந்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நடுவராக ஒருவர் இருந்து கதையை நடத்துவார். பகடை விழுந்தபின் அதனை மறுக்க எவராலும் இயலாது. சுற்றியிருக்கும் அனைவரும் சாட்சிகள்.

இவ்விளையாட்டு கணினிக்குப் பெயர்ந்தபோது நடுவரின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. பகடைக்குப் பதிலாகக் கணினியே எழுந்தமானமாக எண்களைத் தோற்றுவித்தது. சாட்சிகள் இல்லாமற் போயினர். ஆட்டம் பல மணித்தியாலங்கள், சிலவேளை பல மாதங்கள் நீடிக்கக்கூடியது என்பதால், இடையில் நிறுத்தி மறுநாள் தொடர ஒரு வழி தேவைப்பட்டது. பாத்திரத்தின் வலிமை, கையிலுள்ள பொருட்கள், நிற்கும் இடம் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி வைப்பதே அவ்வழி. இதுவே சேமிப்பு எனப்படுவது. வாசித்த பக்கத்தில் வைக்கும் அடையாளச் சீட்டுக்கு இதனை ஒப்பிடலாம்.

ஆனால் அடையாளச் சீட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இது கோப்பு, கோப்பைப் பிரதி செய்யலாம். பிரதி கையில் இருக்கும்வரை, ஆட்டத்தில் நடந்த எதனையும் நடவாததாக ஆக்கிவிட முடியும். அண்மைக்கால விளையாட்டு உலகம் இப்பழக்கத்துக்கு 'சேவ் ஸ்கம்மிங்' என்று சற்று இழிவான பெயரொன்றையே சூட்டியிருக்கின்றது.

விசார்ட்ரியும் புளொப்பித் தட்டும்

கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த அன்ட்ரூ கிரீன்பேர்க், ரொபேர்ட் வூட்ஹெட் ஆகியோர் ஆக்கி, 1981இல் அப்பிள் 2 கணினிக்கென வெளிவந்த 'விசார்ட்ரி' இவ்விவாதத்தின் தொடக்கங்களுள் ஒன்று. ஆறு பாத்திரங்கள் கொண்ட குழுவொன்றை அமைத்துச் சுரங்கத்தினுள் இறங்குவதே அதன் அமைப்பு. நடப்பவற்றைக் கணினி உடனுக்குடன் புளொப்பித் தட்டில் எழுதிவந்தது. குழு முழுவதும் இறந்தால் உடல்கள் சுரங்கத்திலேயே கிடக்கும். அவற்றை மீட்க வேறொரு குழுவை உருவாக்கி, அதனை வலிமைப்படுத்தி, அதே இடத்துக்கு அனுப்ப வேண்டும். மீட்ட உடலைக் கோயிலுக்குக் கொண்டுசென்று பொன் செலுத்தி உயிர்ப்பிக்க முயலலாம். அம்முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலிலிருந்து மீட்கும் முயற்சியும் தவறினால் அப்பாத்திரம் நிரந்தரமாக அழிந்துவிடும்.

பல வாரங்கள் வளர்த்தெடுத்த பாத்திரம் ஒரு கணத்தில் மறைவதைக் கண்ட இளைஞர்கள் இரு வழிகளைக் கண்டுபிடித்தனர். குழு இறக்கப் போகிறது எனத் தெரிந்த கணத்திலேயே, கணினி அதனை எழுதி முடிப்பதற்கு முன்னர் தட்டை வெளியே இழுத்துவிடுவது ஒன்று. அல்லது மின்சாரத்தை நிறுத்திவிடுவது. சுரங்கத்தினுள் இறங்குவதற்கு முன்னரே தட்டு முழுவதையும் வேறொரு தட்டிற் பிரதி செய்து வைப்பது மற்றையது.

இவர்களை உடனடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் நியாயமாகாது. அக்காலத்துப் புளொப்பித் தட்டு 140 கிலோபைட்டு அளவே கொள்ளக்கூடிய மெல்லிய காந்தத் தகடு. தூசி, வெப்பம், விரற்பதிவு, அருகிலிருக்கும் காந்தம் ஆகிய எதனாலும் அது கெட்டுவிடலாம். மின்சாரம் தடைப்பட்டாற் பாதி எழுதப்பட்ட கோப்பு பயனற்றுப் போகும். நிரலில் உள்ள பிழையினால் ஆட்டம் உறைந்து போவதும் உண்டு. இவ்வாறான இழப்புகள் ஆட்டத்தின் விதியினுள் அடங்குவன அல்ல. எதிரியின் வாளால் இறப்பது ஆட்டம். தட்டிற் பூஞ்சணம் பிடித்து இறப்பது ஆட்டமாகாது. இவ்விரண்டாம் வகை இழப்பிலிருந்து காத்துக்கொள்ளப் பிரதி எடுத்தவனை அளாப்புபவன் என எவரும் கூறார்.

சிக்கல் எங்கே எழுகின்றதெனில், இரு வகை இழப்புக்கும் எதிராகப் பயன்படுவது அதே பிரதிதான் என்பதில் எழுகின்றது. பிரதியைப் பார்த்து அதன் நோக்கத்தை அறிய முடியாது.

ஆக்கியோர் வகுத்த வேறுபாடு

இவ்விடத்தில் நெட்ஹக்கின் மூதாதையான 'ரோக்' என்னும் விளையாட்டைக் குறிப்பிடுதல் பொருத்தமானது. கலிபோர்னியாவிற் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த மைக்கேல் டோய், கிளென் விக்மன் ஆகியோர் 1980ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினர். பல மாணவர்கள் ஒரே பெரிய யுனிக்ஸ் கணினியைப் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. ஆகவே புள்ளிப் பட்டியலும் பொதுவானதாயிருந்தது. ஒருவர் பெற்ற வெற்றியை ஏனையோர் காண்பர்.

சேமித்த ஆட்டத்தைத் தொடரத் தொடங்கியதும் ரோக் அச்சேமிப்புக் கோப்பினை அழித்துவிடும். கோப்பினை எவரும் எளிதில் வாசித்துத் திருத்த முடியாதவாறு உருமாற்றியும் எழுதும். மீண்டும் மீண்டும் அதே இடத்துக்குத் திரும்புவதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆடுபவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விளைவு இருக்க வேண்டும், அவ்விளைவு நிலைக்க வேண்டும் என்பதே ஆக்கியோரின் எண்ணமாயிருந்தது. பெயர் தெரியாத மருந்துக் குப்பியொன்று கையில் இருக்கும்போது, அதனைக் குடிப்பதா விடுவதா என்று ஆடுபவர் தயங்குவதற்கு அந்நிலைத்த விளைவே காரணம். பிரதி கையில் இருந்தால் தயக்கம் இல்லை; தயக்கம் இல்லாவிடின் அவ்விளையாட்டில் எஞ்சுவது மிகச் சிறிது.

ரோக்கின் வழியில் வந்த நெட்ஹக்கும் சேமிப்புக் கோப்பினைத் தொடக்கத்திலேயே அழித்துவிடுகின்றது. ஆயினும் அதனை ஆக்கியோர் கண்மூடித்தனமாகக் கடுமை காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கணினி இடையில் நின்றுபோனால், தட்டில் எஞ்சியிருக்கும் கோப்புகளைக் கொண்டு ஆட்டத்தை மீளக் கட்டியெழுப்புவதற்கென ஒரு தனி நிரலை அவர்கள் விளையாட்டுடன் சேர்த்தே வழங்கினர். அத்துடன், இறவாமல் ஆடிப் பழகுவதற்கென ஓர் ஆராய்வு முறையும் அதில் உண்டு. எவரும் அதனைத் தெரிவு செய்யலாம். ஆனால் அம்முறையிற் பெற்ற புள்ளிகள் பட்டியலில் இடம்பெறா.

இந்த ஏற்பாட்டிற் சிறந்த நீதியொன்று பொதிந்திருக்கின்றது. மின்தடையால் வந்த இழப்பு மீட்கப்பட வேண்டியது. அதற்கு வழி செய்யப்பட்டிருக்கின்றது. பழகுவதற்காக விளைவுகளிலிருந்து விலக்குக் கோருவது குற்றமன்று; அதற்கும் வழி செய்யப்பட்டிருக்கின்றது. விலக்குப் பெற்றவர், விலக்குப் பெறாதவருடன் ஒரே பட்டியலிற் பெயர் எழுதுவதுதான் கூடாதது.

இன்றைய விளையாட்டுகளும் ஏறத்தாழ இதே வழியையே பின்பற்றுகின்றன. 2000இல் வெளியான 'டயப்லோ 2' விளையாட்டில், இறந்தால் மீள முடியாத கடும் முறை தனியாக அமைந்தது. 2023இல் வெளியான 'பல்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் ஒரேயொரு சேமிப்பை மட்டும் அனுமதிக்கும் முறைக்குக் கௌரவ முறை என்றே பெயர். விரும்பியவாறு சேமித்து ஆடுவோருக்கு வழமையான முறை திறந்தேயிருக்கின்றது. கணினியின் உதவியுடன் ஒவ்வொரு கணத்தையும் மீண்டும் மீண்டும் ஆடிப் பார்த்துச் சாதனை படைப்போரும் உளர். அவர்கள் அச்சாதனையைக் 'கருவி உதவியுடன் ஆடியது' என வெளிப்படையாக அறிவித்துத் தனிப் பிரிவில் இடுவதால் எவரும் அவர்களைக் குறை கூறுவதில்லை.

பகடையை மீள உருட்டினால்

பிரதியை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் வலுவானது. 'தனியே ஆடுகிறேன், எவரையும் தோற்கடிக்கவில்லை, எவரது பொருளையும் எடுக்கவில்லை, என் நேரம், என் கணினி. இதில் ஏமாற்றப்பட்டவர் யார்?' என அவர்கள் வினவுகின்றனர். ஏமாற்றப்பட்டவர் இல்லாத இடத்தில் ஏமாற்று இல்லை என்பது சரியே. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணித்தியாலம் மாத்திரம் ஆடக்கூடிய ஒருவர், இழந்த பத்து மணித்தியாலங்களை மீள ஆட விரும்பாமல் பிரதியை நாடுவாராயின், அவரை நாம் குறை கூறுவதற்கில்லை. சதுரங்கத்திற் போட்டி விதிப்படி தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ஆனால் வீட்டுத் திண்ணையில் நண்பர் இருவர் ஆடும்போது, இருவரும் உடன்பட்டால் நகர்த்திய காயையும் திரும்ப வைக்கலாம். விதி என்பது ஆடுவோரின் உடன்பாடு.

ஆனால் பிரதியால் ஆட்டத்துக்கு நேர்வது என்ன என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 20 முகங்கள் கொண்ட பகடையில் ஒரேயொரு முகம் விழுந்தால் மாத்திரமே அரிய வாள் ஒன்று கிடைக்கும் என வைத்துக்கொள்வோம். ஒரு முறை உருட்டினால் அது கிடைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 5. ஒவ்வொரு முறை தவறியதும் பிரதிக்குத் திரும்பி 20 முறை உருட்டினால், ஒரு தடவையேனும் அது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 64 ஆக உயரும்; 60 முறை உருட்டினால் நூற்றுக்கு 95. பொறுமை மாத்திரம் இருந்தாற் போதும், அரிய பொருள் என ஒன்று இல்லாமற் போகும். இதனாலேயே சில விளையாட்டுகளின் ஆக்கியோர், அடுத்து வரவிருக்கும் எழுந்தமான எண்களின் வரிசையையும் சேமிப்புக் கோப்பிலேயே எழுதி வைத்தனர். எத்தனை முறை திரும்பி வந்தாலும், அதே செயலைச் செய்தால் அதே எண்ணே விழும்.

மீள ஆடும் வாய்ப்பினால் மனிதர் திருந்துவர் என்பதும் நிச்சயமில்லை. மகாபாரதத்திற் சூதாட்டம் ஒரு முறை நடக்கவில்லை; இரு முறை நடந்தது. முதலாம் ஆட்டத்தில் நாடு, செல்வம், தம்பியர், தன்னை, மனைவி என யாவற்றையும் தருமன் தோற்றான். பின்னர் திரௌபதி கேட்ட வரங்களினால் விடுதலை கிடைத்தது. திருதராட்டிரன் செல்வத்தையும் திருப்பிக் கொடுத்தான். இன்றைய மொழியிற் கூறுவதானால், பழைய சேமிப்பு அவர்களுக்கு மீளக் கிடைத்தது. ஆனால் வழியில் மீண்டும் அழைப்பு வந்தபோது தருமன் திரும்பிச் சென்று அதே சகுனியுடன் ஆடி, மீண்டும் தோற்று, 12 ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் ஏற்றான். முதலாம் தோல்வியின் விளைவு நிலைக்காதபடியால், அத்தோல்வி கற்பிக்க வேண்டிய பாடமும் நிலைக்கவில்லை போலும்.

காணாத வியாபாரியும் கண்ட மனமும்

இவ்விடயத்தில் மிக நுட்பமான சோதனையை வைத்த விளையாட்டு, ரிச்சர்ட் கேரியட் ஆக்கி 1985இல் வெளியான 'அல்டிமா 4' எனலாம். கொடியவன் ஒருவனைக் கொல்வது அதன் இலக்கன்று. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், கௌரவம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டு நற்பண்புகளிலும் ஆடுபவர் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே இலக்கு. அதில் மந்திர மூலிகை விற்கும் வியாபாரி பார்வையற்றவர். பொருளை எடுத்துக்கொண்டு, செலுத்தும் தொகையை ஆடுபவரே குறிப்பிட வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவர் அறிய மாட்டார்; நன்றி கூறி அனுப்புவார். ஆனால் ஆடுபவரின் நேர்மைக் கணக்கு எங்கோ மறைவாகக் குறைந்துவிடும். பல மணித்தியாலங்களின் பின்னரே அது தெரியவரும்.

இப்போது ஒருவர் பார்வையற்ற வியாபாரியை ஏமாற்றிவிட்டு, பின்னர் நேர்மை குறைந்ததை அறிந்து, பழைய பிரதிக்குத் திரும்பி, இம்முறை முழுத் தொகையையும் செலுத்துகின்றார் எனக் கொள்வோம். விளையாட்டின் கணக்கில் அவர் நேர்மையாளர். அவர் மனமோ நடந்ததை அறியும். கோப்பினை மாற்றலாம், அதனை மாற்றிய கையை மாற்ற முடியாது.

ஒரு செயலின் பெறுமானம் அதனைச் செய்பவரின் நிய்யத்தைப் பொறுத்தது என்பது மதரசாவிற் பயிலும் சிறு பிள்ளையும் அறிந்த பாடம். பிறர் காணாத இடத்திலும் மனச்சாட்சி காணும் என்பது தமிழ் அறநூல்கள் வழிவழியாகக் கூறிவந்த பாடம். பிரதி எடுத்தவரின் நோக்கத்தைப் பிரதியிலிருந்து அறிய முடியாது என மேலே கூறினோம். அதனை அறிந்தவர் ஒருவர் உளர். அவர் பிரதி எடுத்தவரே.

வன்னி அறிந்த பிரதிகள்

இவ்வளவும் விளையாட்டு. ஆனால் பிரதி எப்போது நீதி, எப்போது மோசடி என்னும் கேள்வி வன்னி மக்களுக்கு விளையாட்டன்று.

இந்நாட்டில் நொத்தாரிசு ஒருவர் காணி உறுதி எழுதும்போது, ஒரு பிரதி உரியவரிடம் செல்கின்றது. ஒன்று நொத்தாரிசிடம் தங்குகின்றது. இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களிற் பெரும்பாலானோர் கையில் இருந்தவை உறுதிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களே. அவற்றின் விபரமும் அரச அலுவலகப் பேரேட்டிற் பதியப்படும். வீட்டிலுள்ள ஆவணம் எரிந்தாலும் நனைந்தாலும் உண்மை அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே முன்னோர் இந்தக் காப்புப் பிரதிகளை ஏற்படுத்தினர்.

அந்த ஏற்பாடு எத்துணை அவசியமானது என்பதை எமது தலைமுறை கண்டது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு, கையில் எடுக்க முடிந்தவற்றுடன் மாத்திரம் புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இல் போரின் இறுதி மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து நடந்தவர்கள், ஆவணப் பையை மாத்திரமன்றி உறவுகளையும் வழியில் இழந்தனர். உயிருக்குப் பிரதி இல்லை என்பதை இம்மண்ணுக்கு எந்த விளையாட்டும் கற்பிக்க வேண்டியதில்லை.

மீண்டு வந்தவர்கள் எங்கோ ஓர் அலுவலகத்தில் எஞ்சியிருந்த பிரதியைத் தேடினர். பிறப்புச் சான்றிதழின் பிரதி, உறுதியின் பிரதி, அனுமதிப்பத்திரத்தின் பதிவு. அப்பிரதியைக் கண்டெடுத்தவரை எவரும் அளாப்புபவர் என்று கூற முடியுமா? அவர் இழந்தது, எந்த விதிக்கும் உட்பட்டு ஆடித் தோற்றதால் இழந்ததன்று.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. பிறரின் காணியை 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டு வந்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் கட்டளைச் சட்டம். காணிச் சொந்தக்காரர் பத்து ஆண்டுகள் வாளாவிருந்தால் அந்த விளைவை அவர் ஏற்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். ஆனால் துரத்தப்பட்டதனால் வர முடியாதிருந்தவரை வாளாவிருந்தவர் எனக் கொள்ளலாமா? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் அதற்கு விடை அளித்தது. ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தமது உரிமையை நீதிமன்றில் நாட முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1ஆம் திகதி முதல் 2009 மே 18ஆம் திகதி வரையான காலம் கணக்கில் எடுக்கப்படாது என அது விதித்தது. ஓடிப்போன காலத்தைச் சட்டம் ஓடாததாகக் கொண்டது. மின்தடையால் நின்ற ஆட்டத்தை மீளக் கட்டியெழுப்பும் அந்தச் சிறு நிரலின் நீதியும் இதுவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விற்ற காணியை விற்காதது போலக் காட்டப் பழைய உறுதியை எடுத்து நீட்டுபவர் கையிலிருப்பதும் பிரதியே. அப்பிரதி உண்மையானதாக, அலுவலக முத்திரை பெற்றதாகக்கூட இருக்கலாம். ஆனால் அதன் பின் நடந்ததை மறைப்பதற்கு அது பயன்படும் கணத்திலேயே மோசடி ஆகின்றது. நடந்ததைக் காக்கும் பிரதி சாட்சி. நடந்ததை மறுக்கும் பிரதி அளாப்பு. தாளில் எழுதிய காணிக்கும், காந்தத் தகட்டில் எழுதிய சுரங்கத்துக்கும் இவ்வேறுபாடு ஒன்றே.

தீர்ப்பு

இனி அந்தச் சகோதரர்களின் வழக்குக்குத் திரும்புவோம். மூன்று கேள்விகளை அவர்களிடம் கேட்டேன்.

முதலாவது, இழப்பு எங்கிருந்து வந்தது? மின்வெட்டால் வந்ததா, ஆட்டத்தினுள்ளிருந்து வந்ததா? மின்வெட்டுக்கு அஞ்சி நாள்தோறும் பிரதி எடுத்ததில் அண்ணனிடம் ஒரு குற்றமும் இல்லை. அது பாராட்டத்தக்க பழக்கம். ஆனால் பாத்திரம் இறந்த நாளில் மின்சாரம் இருந்தது.

இரண்டாவது, யாருடன் உடன்பாடு இருந்தது? அவன் தனியே ஆடியிருந்தால் அவ்விடயம் அவனுக்கும் அவன் மனத்துக்கும் உரியது. ஆனால் ஒரே கணினியில், ஒரே புள்ளிப் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தன. இறந்தால் முதலிலிருந்து தொடங்குவது என்னும் விதியை ஏற்றுக்கொண்டே தம்பி ஆடினான். ஐந்தாறு முறை இறந்து, ஐந்தாறு முறையும் தொடக்கத்துக்குத் திரும்பினான்.

மூன்றாவது, பிறருக்கு என்ன கூறப்பட்டது? பிரதிக்குத் திரும்பினேன் என்பதை அண்ணன் தானாகச் சொல்லவில்லை. தம்பி கண்டுபிடித்த பின்னரே ஒப்புக்கொண்டான். எந்தச் செயலையும் சொல்லத் தயங்குகிறோமோ, அத்தயக்கமே அச்செயலைப் பற்றிய எமது சொந்தத் தீர்ப்பு.

ஆகவே பிரதி எடுத்தது அளாப்பு அன்று. பிரதிக்குத் திரும்பியதும் தன்னளவில் அளாப்பு அன்று. திரும்பியதை மறைத்துப் பட்டியலிற் பெயர் எழுதியதே அளாப்பு என்று கூறினேன். மூத்தவன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பின்னர், பிரதியுடன் ஆடிய ஆட்டத்தின் சுவையும் குறைந்து போயிற்று என்று தானாகவே கூறினான். எந்தக் கதவைத் திறக்கும்போதும் நெஞ்சு படபடக்கவில்லையாம்.

இரு பட்டியல்கள் வைத்துக்கொள்வதென முடிவாயிற்று. ஒன்று கணினியில் உள்ளது. விதிப்படி ஆடியோருக்கு உரியது. மற்றையது கொப்பியொன்றின் பின்பக்கத்தில் எழுதப்படுவது. பிரதியுடன் ஆடிப் பழகுவோருக்கு உரியது. மின்தடைக்கென எடுக்கும் பிரதியில் திகதியும் நேரமும் குறிக்கப்பட வேண்டும் என்பது தம்பி சேர்த்த நிபந்தனை. காணிப் பதிவகத்துக்கு ஏற்ற பிள்ளை என எண்ணிக்கொண்டேன்.

பெற்றோர் இதிலிருந்து பெறக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்திருப்பதை வீண்பொழுது என ஒரேயடியாக ஒதுக்கிவிடாமல், அவர்கள் எவ்விதியின்படி ஆடுகின்றனர், தோற்றபோது என்ன செய்கின்றனர் என்பதைக் கேட்டறிய வேண்டும். விளையாட்டிற் தோற்பது பாதுகாப்பான தோல்வி. அதனால் எவரது வீடும் போகாது. விதிப்படி வந்த இழப்பை ஏற்றுக்கொள்ளவும், விதிக்குப் புறம்பாக வந்த இழப்புக்கு நியாயம் கேட்கவும் பழகுவதற்கு அதைவிடச் செலவு குறைந்த இடம் வேறில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்த தலைமுறை, ஒரே காணிக்கு இருவர் ஆவணத்துடன் வந்து நிற்கும் நாளில் எந்தப் பிரதி சாட்சி, எந்தப் பிரதி அளாப்பு என்பதையும் அறிந்துகொள்ளும்.

அன்று மாலை மீண்டும் மின்சாரம் நின்றது. அதற்குச் சற்று முன்னர்தான் மூத்தவன் பிரதி எடுத்திருந்தான். திகதியும் நேரமும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. தம்பி ஆட்சேபிக்கவில்லை.